பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது? மலையகத் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா கொழுந்து பறித்தவர். நான் வளர்ந்ததே பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், கட்டிய சேலைத் தொட்டிலில்தான். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளை டவுனில் ஒரு டே கெயாரில் விட்டேன். சின்னவனை, நிர்வாகத்திடம் கேட்டு, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலேயே விட்டேன். கிளினிக் வரிசையிலும் பஸ்ஸிலும் ஸ்டாஃப் ரூமிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போதே. பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் மூத்தவளுக்கு நானும் இருந்தேன். தையல் ஆறாத உடம்போடு, மழைக்குள், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஏற்றம் இறக்கமாக நாலைந்து இடம் ஏறி இறங்க முடியவில்லை. கடைசியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எது இருந்ததோ அதிலேயே விட்டேன். அது எப்படி முடிந்தது என்று கீழே சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம்முடைய டவுன்களில் நடக்கத் தொடங்கிய பிள்ளையை எடுக்கும் இடங்கள் இருக்கும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை எடுக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் இரண்டு மூன்று பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் நல்லவர்கள்.

எனக்கு எத்தனை நாள் லீவு? வேலைக்குப் போனபிறகு பால் கொடுக்க நேரம் தருவார்களா?

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். 12 கிழமை, அதாவது 84 நாள். முந்தி மூன்றாவது பிள்ளை என்றால் நாளைக் குறைத்துவிடுவார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டபிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள்தான். கடையிலும் கந்தோரிலும் வேலை என்றால் வார விடுமுறை, போயா (பௌர்ணமி) நாள் எல்லாம் கழித்து 84 நாள். அரசாங்க வேலை என்றால் 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு, அதற்குப் பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தோடு, அப்புறம் 84 நாள் சம்பளமில்லாமல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரசவத்துக்கு முன் இரண்டு கிழமை லீவு எடுத்த ஒரு கொழுந்துக்காரப் பெண் திரும்ப மலைக்குப் போகும்போது பிள்ளைக்குப் பத்துக் கிழமைதான். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய ஆறு மாதத்தில் பாதிகூட முடிந்திருக்காது. ஆசிரியையான எனக்குக் கிடைத்த நேரம் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

பால் கொடுக்கும் நேரத்துக்கும் அதே 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை போகலாம். வேலை கொடுப்பவர் பிள்ளைக்காம்பரா வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி, இல்லையென்றால் ஒரு மணி. சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்க முடியாது. கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கேட்கும்போது தயவுக்குக் கேட்பது போல் கேட்காதீர்கள்.

பிள்ளைக்காம்பராவா, டவுன் டே கெயாரா, வீட்டில் பாட்டியிடமா?

பிள்ளைக்காம்பராவைப் பற்றி நம் ஆட்களுக்கே ஒரு இளக்காரம் உண்டு. படித்த பிள்ளைகள் அங்கே விடுவதைக் குறைவாக நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் இருட்டறை, ஈரத் தரை, இருபது தொட்டிலுக்கு ஒரு வயதான ஆயா என்று இருந்தது உண்மைதான். இன்று பல தோட்டங்களில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையமாக மாறி, பயிற்சி எடுத்த உத்தியோகத்தர் இருக்கிறார். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் மேற்பார்வை செய்கிறது. தோட்டத் தொழிலாளர்களிடம் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. எல்லாவற்றையும்விட, நீங்கள் வேலை செய்யும் மலைக்குப் பக்கம். நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். டவுனில் எத்தனை வர்ணம் பூசிய சுவர் இருந்தாலும் இந்தப் பக்கம் என்ற ஒன்றுக்கு ஈடாகாது.

ஆனால் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனும் (பிரிவும்) ஒவ்வொரு மாதிரி. மேல் டிவிஷனில் நன்றாக இருக்கும், கீழ் டிவிஷனில் கூரை ஒழுகும். நேரில் போய்ப் பாருங்கள். தோட்டத்துக்கு வெளியே வேலை செய்கிறவர்களுக்கு நேரமும் பிரச்சினைதான். கடையில் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வருகிறவருக்குப் பிள்ளைக்காம்பரா உதவாது.

பாட்டியிடம் விடுவதில் தப்பே இல்லை, பாட்டிக்குத் தெம்பு இருந்தால். முப்பது வருசம் கூடை சுமந்த முதுகோடு எட்டு மாதப் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓட முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். "நான் பாத்துக்கிறேன்டி" என்று உடனே சொல்வார். அதை மட்டும் நம்பி இருக்காமல், மதியத்துக்குப் பிறகு கை மாற்ற ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஒன்றே ஒன்றைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மூத்த பொம்பிளைப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திச் சின்னதைப் பார்க்க விடாதீர்கள். என் வகுப்பில் ஆறாம் ஆண்டில் கெட்டிக்காரியாக இருந்த ஒரு பிள்ளை இப்படித்தான் கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள் என்று வராமல் இருந்து கடைசியில் வரவே இல்லை.

இடம் பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது?

கட்டிடத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பிள்ளையைத் தூக்கப்போகும் கை யாருடையது, அந்தக் கையில் எத்தனை பிள்ளைகள், அவர் அங்கே எத்தனை காலமாக இருக்கிறார் என்று பாருங்கள். முதலாளியம்மா நன்றாகப் பேசுவார். அவர் உங்கள் பிள்ளையைத் தூக்கப்போவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஆயா மாறுகிற இடத்தில் பிள்ளை ஒவ்வொரு முறையும் புது முகத்துக்குப் பழக வேண்டும். சம்பளம் சரியாகக் கொடுக்காத இடத்தில்தான் ஆள் நிற்காது.

சொல்லிவிட்டு ஒரு தடவை போங்கள், சொல்லாமல் ஒரு தடவை போங்கள். சொல்லாமல் போக நல்ல நேரம் பகல் பதினொன்றரை, பன்னிரண்டு மணி. பசி, தூக்கம், நெப்பி மாற்றுவது எல்லாம் ஒன்றாக வந்து விழும் நேரம் அது. வாசலில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

சின்னவனுக்காக நான் அப்படிப் போனபோது பார்த்ததைச் சொல்கிறேன். ஆயா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்று, காலில் சாய்ந்தபடி ஒன்று. கஞ்சியைக் கரண்டியில் எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊட்டினார். உள்ளே ஒரு தொட்டிலில் அழுகை கேட்டது. தலையைத் திருப்பாமலே, "அது பசியில்ல, துணி நனைஞ்சிருச்சு" என்றார். போய்ப் பார்த்தால் அப்படித்தான். பக்கத்தில் ஒரு கொப்பி. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குக் குடித்தது, எத்தனை தடவை வயிற்றால் போனது என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். எழுத்துப் பிழை நிறைய. ஆனால் ஒரு நாள்கூட விடுபடவில்லை. நான் வேறு எங்கும் தேடவில்லை.

அப்புறம் மற்றவை. நெப்பி மாற்றியபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார்களா, கழுவத் தண்ணீர் வருகிறதா? சுடுதண்ணிப் பிளாஸ்க் எங்கே இருக்கிறது? அடுப்படிக்குக் கதவு உண்டா? இஸ்தோப்பிலிருந்து (முன் திண்ணையிலிருந்து) படியில் இறங்க ஒரு தடுப்பு இருக்கிறதா? நம்முடைய வீடுகள் எல்லாமே சரிவில்தான் நிற்கின்றன, ஒரு படி தவறினால் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியும் பக்கெட்டும் மூடியிருக்க வேண்டும்.

நடத்துகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

நான் கேட்டவற்றில் பயன்பட்டவை இவைதான். ஒரு ஆயாவுக்கு எத்தனை கைக்குழந்தைகள்? அவர் லீவில் போனால் யார் பார்ப்பார்? நாங்கள் எழுதிக்கொடுத்த ஆட்களைத் தவிர வேறு யாராவது பிள்ளையைக் கேட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளை விடாமல் அழுதால் என்ன செய்வீர்கள்? நான் நினைத்த நேரம் வரலாமா?

கடைசிக் கேள்விக்கு "முதலில் போன் பண்ணிவிட்டு வாங்க மிஸ்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

காசு விசயத்தில், மாதக் கட்டணத்தோடு முற்பணம் எவ்வளவு, பிள்ளை சுகமில்லாமல் வராத நாளுக்குக் கழிப்பார்களா, பஸ் பிந்தி நீங்கள் பிந்தினால் கூடுதலாக வாங்குவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பதிவு செய்த இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஏரியா மிட்வைஃபிடமும் கேளுங்கள். வீடு வீடாகப் போகிறவர், எந்த இடத்துப் பிள்ளைகள் எடை ஏறுகிறார்கள், எந்த இடத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சுகமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாமா? கெட்டுப்போகாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். வேலைக்குப் போக இரண்டு மூன்று கிழமை இருக்கும்போதே கையால் பீச்சிப் பழகுங்கள். மிட்வைஃப் சொல்லித்தருவார், கேட்க வெட்கப்பட வேண்டாம். முதல் நாட்களில் கோப்பையின் அடி நனையும் அளவுக்குத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, பால் இல்லை என்று நினைத்து அழுதேன். நாலைந்து நாள் விடாமல் செய்தபிறகு கூடியது.

கொதிக்க வைத்த, மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். அறையில் வைத்தால் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள். நுவரெலியாக் குளிரில் வெளியே எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அந்த 4 மணி நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயரும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். பாலை அடுப்பில் வைக்கக்கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடாக்க வேண்டும். குடித்து மிஞ்சியதைத் திரும்ப எடுத்து வைக்கக்கூடாது.

ஆயாவிடம் சூப்பிப் போத்தல் வேண்டாம் என்று சொல்லுங்கள். சின்னக் கோப்பையாலும் கரண்டியாலும் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம், கழுவுவதும் சுலபம். சூப்பியின் உள்மூலையில் தங்குகிற பால்தான் வயிற்றோட்டத்துக்கு வழி. இன்னொன்று, கோப்பையால் கொடுக்கிறவர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தே ஆக வேண்டும். போத்தலை வாயில் வைத்துவிட்டு எழுந்து போக முடியாது.

பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். கொஞ்சம்தானே என்கிறார்கள். பரவாயில்லையா?

வேண்டாம். தேயிலை நமக்குச் சோறு போட்டது, ஆனால் அதன் சாயம் பிள்ளையின் உடம்பில் இரும்புச் சத்துச் சேரவிடாது. நம் பிள்ளைகளில் இரத்தச் சோகைக்குக் குறைவில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. சீனித் தண்ணி, கொத்தமல்லித் தண்ணி, சாயத்தில் நனைத்த ரஸ்க் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாக மசித்த சோறு, பருப்பு, கீரை, பூசணி, முட்டை, நெத்தலி. கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கிடைத்தால் அதுவும். கச்சான், திராட்சை, றம்புட்டான் எல்லாம் தொண்டையில் சிக்கும், அந்தப் பக்கமே வரக்கூடாது. ஆயா பெரியவராக இருந்தால் "நாங்க எல்லாம் தேத்தண்ணி குடிச்சுத்தானே வளந்தோம்" என்பார். சண்டை போடாதீர்கள். "மிட்வைஃப் ஏசுவாங்க ஆயாம்மா" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அது வேலை செய்தது.

குளிர்காலத்தில் எப்படித் தூங்க வைப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். தை, மாசியில் விடியப்புறம் புல்லில் உறைபனி விழுகிறது. ஆனால் நம் ஊரில் நான் பார்த்தவரை, குளிருக்குப் பயந்து அளவுக்கு மீறிப் பொத்துவதுதான் அதிகம். இரண்டு சுவெட்டர், தொப்பி, கையுறை, மேலே கம்பளி. உள்ளே பிள்ளை வியர்த்து நனைந்து கிடக்கும்.

பெரியவர் போட்டிருப்பதைவிட ஒரு உடுப்பு கூடுதலாக இருந்தால் போதும். கை குளிர்கிறதா என்று பார்க்காதீர்கள், கைக்குழந்தையின் கை எப்போதும் கொஞ்சம் குளிரும். பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும்போது மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை, தொப்பி வேண்டாம். சேலைத் தொட்டிலில் நான் வளர்ந்தேன், அதன்மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் அதில் பிள்ளையின் நாடி நெஞ்சில் மடிந்து மூச்சு அடைபடலாம். யாரும் பக்கத்தில் இல்லாமல் நீண்ட நேரம் விடுவதானால் சமமான, இறுக்கமான மெத்தைதான் சரி.

கரிச்சட்டி ஒன்று மூலையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சன்னல் கதவை அடைத்துவிட்டுக் கரி எரித்தால் வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிற பிள்ளை தூக்கத்திலேயே போய்விடும். இதில் மட்டும் யார் மனம் நோகும் என்று பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் மண்சரிவு பயம் இருக்கிறதே?

கட்டிடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டிய மண்மேடு சுவரோடு ஒட்டி நிற்கிறதா, சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு இருக்கிறதா, மரங்கள் ஒருபக்கம் சாய்கின்றனவா, இல்லாத இடத்தில் திடீரென்று கலங்கிய ஊற்று வருகிறதா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. எச்சரிக்கை வந்த நாளில் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவார்கள், யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவார் என்று கேளுங்கள். அந்த மாதிரி நாளில் என்னால் முடிந்தால் நான் லீவு போட்டுவிடுவேன்.

சுகமில்லாத பிள்ளையை விடலாமா?

காய்ச்சல், வயிற்றோட்டம், வாந்தி இருந்தால் விடாதீர்கள். காய்ச்சல் மருந்தில்லாமல் விட்டு ஒரு நாள் கழியட்டும். பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைத்து விட்டுவிட்டுப் போவது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். ஒரு நாள் பேர் (வேலை நாள்) போனால் சம்பளம் போகும் என்பது தெரியும், அதனால்தான் அந்த நாளுக்கு ஒரு ஆளை முன்பே சொல்லி வையுங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளும் ஒன்பது மாத ஊசியும் போட்ட பதிவேட்டின் பிரதி ஒன்று அங்கே இருக்கட்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பக்கெட் இருக்கிறதா, 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்சுக்கு வழி சொல்ல அங்கே யாருக்காவது தெரியுமா என்றும் பாருங்கள்.

அங்கே எல்லாரும் சிங்களத்தில் பேசுகிறார்கள். பிள்ளைக்குத் தமிழ் வராமல் போய்விடுமா?

போகாது, வீட்டில் நீங்கள் தமிழில் பேசினால். என் மகளைக் கொஞ்ச நாள் பார்த்த சிங்கள அம்மா ஒருவரை அவள் இன்றும் "அத்தம்மா" (சிங்களத்தில் பாட்டி) என்றுதான் கூப்பிடுகிறாள். அன்பான கை சிங்களம் பேசினாலும் எனக்குப் போதும். பிள்ளைக்கு என்ன தேவை என்பதை நீங்களும் அவரும் ஒருவருக்கொருவர் புரியும்படி சொல்லிக்கொள்ள முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏதோ சரியில்லை என்று மனதுக்குப் படுகிறது. ஆனால் கையில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

மூத்தவளுக்கு ஐந்து மாதம். ஒரு நாள் மழையால் பாடசாலை பாதியில் விட்டது. பதினொரு மணிக்கே போய் நின்றேன். கட்டிலில் அவள் தனியாகக் கிடந்தாள். சுருட்டிய துவாயில் போத்தலை முட்டுக்கொடுத்து வாயில் வைத்திருந்தார்கள். பால் கன்னத்தால் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அறையில் யாருமில்லை. நான் எடுத்துக்கொடுத்த தாய்ப்பால் மூடி திறக்காமல் பெட்டியில் அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அவள் இரவில் திடுக்கிட்டு எழும்புவதும், எடை ஏறாததும் தெரிந்திருந்தது. பல் வருகிறது என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

மனதுக்குப் பட்டால் வேறு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தொடர்ந்து அதே பகுதியில் நெப்பிப் புண், சொல்ல முடியாத காயம், எடை நின்றுபோவது, ஆயாவைக் கண்டதும் உடம்பு விறைப்பது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். அடித்திருக்கிறார்கள், வேறு கொடுமை நடந்திருக்கிறது என்று தோன்றினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

முதல் நாட்களில் பிள்ளை அழுதால்?

அழும். ஆறு மாதத்துக்குள் விட்டால் பெரும்பாலும் சீக்கிரம் பழகிவிடும். எட்டு ஒன்பது மாதத்தில் ஆள் அடையாளம் தெரியத் தொடங்கும்போது விட்டால் கொஞ்சம் கூடுதலாக அழும். வேலை தொடங்க ஒரு கிழமைக்கு முன்பே போங்கள். முதல் நாள் நீங்களும் கூட உட்கார்ந்து ஒரு மணி நேரம், அடுத்த நாள் வெளியே இஸ்தோப்பில், அதற்கு அடுத்த நாள் அரை நாள். ஒளித்துப் போகாதீர்கள், முகத்தைக் காட்டி "அம்மா போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டே போங்கள்.

நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சேலையில் ஒரு துண்டு வெட்டி ஆயாவிடம் கொடுங்கள். தொட்டிலில் போட அல்ல. பிள்ளையைத் தூக்கும்போது அவர் தோளில் போட்டுக்கொள்ளட்டும். சின்னவன் நான்காம் நாள் அந்தத் துண்டில் மூக்கைப் புதைத்தபடி ஆயாம்மாவின் தோளிலேயே தூங்கிப்போனான். நான் வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கி எட்டரை பஸ்ஸைப் பிடித்தேன்.